போணிக்கு முன் கேட்ட கேள்வி

பத்தாவது வரை படித்தவள் நான். எழுத்து என்றால் எனக்கு எங்கள் பெண்கள் குழுவின் வருகைப் பதிவேடுதான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவள், பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

மயிலாப்பூர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறோம். சாலையோர மீன் கடைகளில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களுக்கு மீனைச் செதில் எடுத்து நறுக்கிக் கொடுப்பது என் வேலை. பக்கத்து வீட்டில் என் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அண்ணனுக்குப் பார்வை மங்கிப்போய்க் கடலுக்குப் போவது நின்ற பிறகு, அண்ணி கூடை சுமந்து விற்பதில்தான் அந்த வீடு நடக்கிறது. காலையில் கரையில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஐஸோடு அடுக்கி, சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்து அதன்மேல் கூடையை ஏற்றிக்கொண்டு, மந்தைவெளி வழியாக அடையாறு வரை நடப்பாள். பஸ்ஸில் கூடையை ஏற்ற மாட்டார்கள். எப்போதாவது ஏற்றினாலும், உள்ளே இருக்கிறவர்கள் பார்க்கிற பார்வைக்கு நடந்தே போய்விடலாம் என்பாள்.

அந்தக் கூடையை ஒரே ஆள் தலைக்கு ஏற்ற முடியாது. ஒரு பக்கம் அவள் பிடிப்பாள், மறுபக்கம் நான் பிடிப்பேன். பதினைந்து வருடமாக அது என் வேலை. ஆகையால் அந்தக் கூடையின் கனம் அண்ணியின் கழுத்துக்கு அடுத்தபடியாக என் கைகளுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் அண்ணி அருவாமனையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகையில் ரத்தம் கூடுதலாக ஓடுகிறதே என்று குனிந்து பார்த்தேன். அவள் விரல் அறுபட்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாடி அப்டி பாக்குற?" என்றாள்.

"அண்ணி, கையப் பாரு."

பார்த்தாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு, "மரத்துப் போய்க் கீது. ரெண்டு மாசமா இப்டித்தான்," என்றாள், ஏதோ செருப்பு அறுந்ததைச் சொல்வது போல.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, இனிமேல் தலையில் பாரம் வைக்கக் கூடாது, வைத்தால் கை முழுவதுமே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணி என்னிடம், "தலையில வெக்காம வேற எங்க வெக்கறதாம்? அத்தயும் எழுதிக் குடுக்க சொல்லியிருக்கலாம் இல்ல," என்றாள். மறுநாளும் கூடையைத் தூக்கினாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார்கள்.

எங்கள் குப்பத்துக்கு வந்து போகாத கல்லூரி குறைவு. கொசுவை எண்ண வந்தார்கள். குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று கம்பி நட்டு அளந்தார்கள். வீடு இடிந்து விழுமா என்று சுவரைத் தட்டிப் பார்த்தவர்களும் உண்டு. எல்லோரும் தன்மையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது, அந்தச் சுவர் நிற்குமா நிற்காதா என்று திரும்பி வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. கம்பி மட்டும் துருப்பிடித்து இன்னும் நிற்கிறது. அதில் வலை காயப்போடுகிறோம்.

இந்த முறை வந்தவள் ஆராய்ச்சி மாணவி. மயிலாப்பூர்ப் பெண்தான், கோயில் குளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. தலையில் சுமந்து விற்கும் பெண்களின் கழுத்து வலிக்கு என்ன செய்யலாம் என்பது அவளுடைய ஆராய்ச்சி. சுமையை அளந்து, அதற்குத் தகுந்த மாதிரி ஐஸ் தாங்கும் பெட்டி வைத்த தள்ளுவண்டி செய்யப்போகிறோம், பஸ் படியிலும் ஏறும், என்றாள். பேராசிரியர் ஒருவர் அவளுக்கு மேலே இருந்தார். வண்டி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அண்ணியின் கைதான் ஞாபகம் வந்தது. குழுவின் பதிவேடு என்னிடம் இருந்ததால், ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பும் எனக்கு வந்தது.

அவள் விடிகாலையில் கரைக்கு வந்தாள். மீன் எடுத்துக் கிளம்புகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தித் தாளைப் பார்த்துக் கேட்டாள். "கூடை ரொம்ப கனமா, சுமாரா, லேசா?"

எல்லோரும் "லேசுதாம்மா" என்றார்கள். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்க, "லேசு" என்றார்கள். அவளும் தாளில் குறித்துக்கொண்டாள்.

இதை விளக்க வேண்டும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் வியாபாரம், அதாவது போணி, ஆவதற்கு முன்னால் கூடை கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்தக் கனத்தோடேயே வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று நம்பிக்கை. கையைக் கொடுத்துத் தூக்கிவிடும் நான்கூட வாயைத் திறந்து 'அப்பா' என்று மூச்சு விடக் கூடாது. போணி ஆன பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பலாம். மதியம் கூடையை இறக்கும்போது கேட்டிருந்தால் அவள் தாள் கிழிகிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள்.

எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். இதைப் போய்ப் படித்த பெண்ணிடம் சொன்னால் என்ன நினைப்பாளோ என்று கூச்சம். அளந்து பார்க்கும்போது உண்மை தெரியத்தானே போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அளக்கிற நாளும் வந்தது. பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும். "தினமும் எப்படி எடுத்துட்டுப் போவீங்களோ அப்படியே கொண்டு வாங்க," என்று அவள் போனில் மூன்று முறை சொன்னாள். அண்ணியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளும் கூடைக்காரிதான், வாய் கொஞ்சம் நீளம்.

"மீன எத்துகினா போப்போற? ஏசி ரூமாம். கதவ சாத்திக்கினு உக்காருவாங்க. நீ உள்ள போனதும் அவங்க அத்தினி பேரும் வெளிய ஓடிருவாங்க."

"அப்டியே கொண்டாரச் சொல்லிக்கீதே அந்தப் பொண்ணு," என்றேன்.

"அது மரியாதிக்கு சொல்லும்மா. உன் வீட்டுக்கு வர்றவன்கிட்ட 'அழுக்கு செருப்பப் போட்டுக்கினே வா நைனா'ன்னு நீ சொல்ல மாட்ட? அதுக்குன்னு வந்துருவானா?"

அண்ணிக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பட்டது. கூடையைப் புளி போட்டுத் தேய்த்தோம், சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தோம். மறுபடி முகர்ந்து பார்த்து எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தோம். மீன் தண்ணீர் ஊறிக் கறுத்துப்போயிருந்த சும்மாட்டுத் துணியை வைத்துவிட்டுப் புதுத் துண்டு ஒன்றை எடுத்தாள். கூடைக்குள் என்ன வைப்பது? வீட்டில் இருந்த உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் போட்டோம். பாதிகூட நிறையவில்லை. அடியில் பழைய புடவைகளைச் சுருட்டி வைத்துக் கிழங்கை மேலே பரப்பினோம். பார்க்க நிறைந்த கூடையாக இருந்தது. அண்ணி கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிப் பூ வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் போனோம். அன்றைக்குக் கூடையை ஏற்றிவிட என் கை தேவைப்படவில்லை. அவளே தூக்கிக்கொண்டாள்.

அந்த அறை குளிர்ந்து கிடந்தது. அண்ணியின் கழுத்திலும் தோளிலும் வட்ட வட்டமாக ஏதோ ஒட்டி ஒயர் மாட்டினார்கள். மாணவி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மீன் இல்லையாக்கா?"

"இன்னிக்கி கடல்ல ஒண்ணும் படல மா," என்றாள் அண்ணி. "அத்தே கனந்தான் இதுவும்."

கூடையை எடைமேடையில் வைத்தார்கள். எண் வந்தது, எழுதிக்கொண்டார்கள். பேராசிரியர் வந்து பார்த்து, "பரவாயில்லையே, நாம நெனச்சதைவிட கம்மி," என்றார். அண்ணியைக் கூடையோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கவிட்டார்கள். "கனமா இருக்கா?" என்று மாணவி கேட்டாள். அன்றைக்கு மீனே இல்லை, போணி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அண்ணியின் வாயில் பழக்கதோஷத்தில் "லேசுதாம்மா" என்றுதான் வந்தது. அன்றைக்கு அது நிஜமும்கூட.

நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். இது பாதிகூட இல்லை என்று என் கைகளுக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று ஓர் அடி முன்னால் வந்தேன். பேராசிரியர் திரும்பி, "நீங்க யாரும்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கூட வந்தேன் சார்," என்றேன். அவ்வளவுதான் வந்தது. பழையபடி சுவரோரம் போய் நின்றுவிட்டேன்.

வண்டி வர ஏழெட்டு மாதம் ஆனது. அதற்குள் அண்ணி இடது கையால் மீன் நறுக்கப் பழகிக்கொண்டாள். வலது கை கூடை விளிம்பைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவளே கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

வண்டி அழகாக இருந்தது. நீல நிறப் பெட்டி, கீழே இரண்டு சக்கரம், பயணப் பெட்டிக்கு இருப்பது போல இழுக்கிற கைப்பிடி. ரோட்டோரம் பேனர் கட்டிப் போட்டோ எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரி, "ஏரோப்ளேன் ஏறப்போறியா இன்னா? எங்கள மறந்துராத," என்று கேலி செய்தாள். அண்ணி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தேன். இனி கூடையைத் தலையில் ஏற்றப் போவதில்லை என்று சும்மாட்டுத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் எப்போதும் எடுக்கிற அளவு மீனை எடுத்துப் பெட்டியில் ஐஸோடு அடுக்கினாள். கைப்பிடி லேசாக வளைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. போணி ஆகாத நேரத்தில் அபசகுனமாக எதுவும் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். எட்டரை மணிக்குப் போன் வந்தது.

"மந்தவெளியாண்ட நிக்கறேன். சக்கரம் பூட்ச்சிடி. சீக்கிரம் வா."

அங்கே ரயில் வேலைக்காக நெடுகத் தகரத் தடுப்பு வைத்து, மீதிப் பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். தடுப்பை ஒட்டி, ஆள் போக மட்டும் விட்டிருந்த இடத்தில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அச்சு வளைந்து சக்கரம் மடங்கியிருந்தது. பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஐஸ் உருகிய தண்ணீர் வடிய வழியில்லாமல் பெட்டிக்குள் மீன் மிதந்தது. அண்ணி யாரையும் பார்க்காமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கொண்டுபோன அன்னக்கூடையில் மீனை மாற்றினோம். நடைபாதையில் வைத்து இருவருமாகத் தூக்கித் தலைக்கு ஏற்றினோம். சும்மாட்டுத் துணிகூட இல்லை. முந்தானையைச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"பொம்ம வண்டி," என்றாள். "இத்த செய்யவா இத்தினி பேரு?"

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியரும் மாணவியும் வந்தார்கள். பேராசிரியர் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, ஸ்பானர் வைத்து அச்சைக் கழற்றிப் பார்த்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஓவர்லோட் பண்ணியிருக்கீங்கம்மா. எவ்வளவு ஏத்துனீங்க?"

"எப்பவும் ஏத்தறதுதான் சார்."

"எப்பவும் ஏத்தறது எவ்வளவுன்னு நாங்க அளந்துதானே வெச்சிருக்கோம்? அதுக்கும் மேல கொஞ்சம் சேர்த்துத்தான் டிசைன் பண்ணோம். வண்டி கெடச்சிருச்சேன்னு நீங்க டபுளா ஏத்தினா சக்கரம் என்ன பண்ணும்?"

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "நான் பேராசைக்காரின்றியா சார்? வண்டி நீயே எத்துகினு போய்டு. என் தல கீது, என் கூட கீது."

அதோடு வீட்டுக்குள் போய்விட்டாள். பேராசிரியர், அறிக்கை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றும், சுமை அளவு ஆபத்தில்லாத வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது என்றும், இனி புதிதாகச் செய்ய அனுமதி கிடைப்பது கஷ்டம் என்றும் மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபத்தில்லாத வரம்பு! விரல் அறுபட்டது தெரியாத பெண்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் வண்டியோடு காரில் போய்விட்டார். மாணவி நடந்து போகிறேன் என்றாள். நான் பின்னாலேயே போனேன். பாதித் தெருவில் எட்டிப் பிடித்தேன். அப்புறம் சொன்னேன். "அன்னிக்கி வெச்சது வெறும் கெழங்கு மா. அடியில துணி. பாதி கனம்கூட கெடையாது."

அவள் நின்றுவிட்டாள். பதறினால் அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"கெழங்குன்னு நேக்கும் தெரியுமே! அதே கனம்னு சொன்னாளே அவா! நீங்களும் பக்கத்துலதானே நின்னுண்டிருந்தேள்?"

"நின்னேன்."

"ஏன் சொல்லல?"

போணி விஷயத்தைச் சொன்னேன். மீன் நாற்றத்தோடு உங்கள் இடத்துக்குள் வரக் கூச்சப்பட்டோம் என்றும் சொன்னேன். அவள் ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ கரையில நூறு பேர்கிட்ட கேட்டேனே... லேசுன்னு டிக் பண்ணினதெல்லாம்?"

"காலைல அஞ்சரைக்கு கேட்டீங்க மா. பதினோரு மணிக்கு மேல கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாங்க."

அவள் சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை. எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையில் வந்து கூடைக்கு மறுபக்கம் கை கொடுத்திருந்தால் இவர்களுக்குக் கேள்வித்தாளே வேண்டியிருக்காது. தாளையும் ஒயரையும் நம்பியவர்கள் அதைச் செய்யவில்லை. தினமும் கை கொடுத்த நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி பேசியது போல நான் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். யார்மேல் எரிச்சல்படுவது என்று புரியாமல் நின்றேன்.

"நாளைக்குக் காலம்பற எடை மெஷினோட வரேன்," என்றாள் அவள். "சார்கிட்ட நான் பேசிக்கறேன். ஒத்துப்பாரான்னு தெரியாது."

"கூடைக்காரிங்க போணிக்கு முன்னாடி எடை போட வுட மாட்டாங்க மா. அதுவும் கனத்த சொன்ன மாதிரிதான்," என்றேன்.

அவள் எழுந்து போனாள்.

மறுநாள் அஞ்சரை மணிக்கு எடை மெஷினோடு கரைக்கு வந்தாள். அண்ணி கூடையை அதன்மேல் வைக்க மறுத்தாள். மாணவி மூன்று சங்கரா மீனை வாங்கிப் போணி செய்தாள். அவள் வீட்டில் யாரும் மீன் சாப்பிட மாட்டார்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றித் தோள் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு கூடையை எடை போட்டு எண்ணை எழுதிக்கொண்டாள். "கனமாக்கா?" என்று கேட்டாள். "கனந்தான்," என்றாள் அண்ணி. கூடைக்கு ஒரு பக்கம் நான் பிடித்தேன். அண்ணி மந்தைவெளிப் பக்கம் நடந்து போனாள்.